போட்டோ எடிட்டிங்கில் புதியவர்கள் சறுக்கும் இடங்கள்: ஒரே படத்தை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் மாமாவின் அறுபதாம் கல்யாணம் திருக்கடையூரில் நடந்தது. கலசாபிஷேகம் முடிந்து, புதுத்துணி உடுத்தி, தலை ஈரம்கூடக் காயாமல் அத்தை மணையில் வந்து உட்கார்ந்தார். மாமா தாலி கட்டும்போது பேரப்பிள்ளைகள் போட்ட கூச்சலில் அத்தைக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அந்த நொடி என் கேமராவில் விழுந்தது.

அன்றிரவே லேப்டாப்பில் உட்கார்ந்து நாலு மணி நேரம் எடிட் செய்தேன். மறுநாள் காலை பெருமையாகக் காட்டினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, "ஏண்டா, மாமா பக்கத்துல உக்காந்திருக்கிறது யாரு?" என்றார்.

புதிதாக எடிட்டிங் கற்பவர் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவற்றை அந்த ஒரே படத்தில் செய்திருந்தேன். அதனால் அதையே வைத்து, எடிட்டிங் நடக்கும் வரிசையிலேயே, எங்கெங்கே கால் வழுக்கும் என்று சொல்கிறேன். நீங்கள் போனில் ஸ்நாப்சீட் வைத்திருந்தாலும், காசு கட்டி லைட்ரூம் வைத்திருந்தாலும், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப், டார்க்டேபிள் வைத்திருந்தாலும் சறுக்கும் இடங்கள் ஒன்றுதான். பட்டன்களின் பெயர் மட்டும் கொஞ்சம் மாறும்.

மூலப்படத்தின் மேல் கை வைக்காதீர்கள்

அன்று நான் செய்த முதல் தவறு, எடிட் செய்த படத்தை அதே பெயரில், அதே இடத்தில் சேமித்தது. மெமரி கார்டை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தேன்.

போன்களும் கேமராக்களும் வழக்கமாகப் படத்தைச் சேமிக்கும் ஃபைல் வகை ஜேபெக். ஜேபெக் படம் ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கப்படும்போதும் கொஞ்சம் தேய்கிறது. படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுணுக்கங்களைக் கழித்துவிடுவதுதான் அது ஃபைலைச் சின்னதாக்கும் வழி. ஒரு தடவை கழித்தது திரும்ப வராது. நாலைந்து முறை திறந்து திருத்திச் சேமித்தால் வானத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும், எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்தது போல இருக்கும்.

எனவே முதல் வேலை நகல் எடுப்பது. லைட்ரூம், டார்க்டேபிள் போன்றவை மூலப்படத்தைத் தொடுவதே இல்லை. நீங்கள் செய்த மாற்றங்களை ஒரு குறிப்பாக மட்டும் எழுதி வைத்துக்கொள்ளும். கிம்ப்பில் வேலை செய்தால் வேலை முடியும்வரை அதன் சொந்த ஃபைல் வகையிலேயே சேமியுங்கள், கடைசியில் ஒரே ஒரு முறை ஜேபெக்காக வெளியே எடுங்கள்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்த படத்தை வைத்து எடிட்டிங் ஆரம்பிக்காதீர்கள். அது ஏற்கெனவே நசுக்கப்பட்டு வந்த படம். எடுத்தவரிடம் 'டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்' என்று கேளுங்கள்.

திரையையும் நம்பாதீர்கள், கண்ணையும் நம்பாதீர்கள்

நான் எடிட் செய்தது இரவு பதினொரு மணிக்கு. கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று லேப்டாப் தானாகவே திரையை மஞ்சளாக்கியிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. மஞ்சளாகத் தெரிந்த படத்தைச் சரிசெய்வதாக நினைத்து நீலத்தை ஏற்றிக்கொண்டே போனேன். காலையில் பார்த்தால் கல்யாண மண்டபம் ஐஸ் பெட்டிக்குள் இருப்பது போல இருந்தது.

எடிட் செய்யும்போது நைட் லைட், கண் பாதுகாப்பு மோடு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். போனில் டிஸ்ப்ளே அமைப்பில் 'விவிட்' என்று இருந்தால் 'நேச்சுரல்' பக்கம் மாற்றுங்கள். விவிட் மோடில் எல்லாப் படமும் ஏற்கெனவே பளபளவென்று இருக்கும், உங்கள் கண் ஏமாறும். வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் அந்த நேரத்துக்கு நிறுத்தி வையுங்கள். திரையை முழு வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு எடிட் செய்தால் படம் போதுமான வெளிச்சத்தோடு இருப்பதாகத் தோன்றும், பிரிண்ட் போட்டால் இருண்டு வரும். பிரிண்ட் போடும் லேபைக் குறை சொல்வதற்கு முன் பெரும்பாலும் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

திரையைச் சரிசெய்துவிடலாம், கண்ணைச் சரிசெய்ய முடியாது. பழைய மஞ்சள் குண்டு பல்பு எரியும் அறைக்குள் நுழையும்போது எல்லாம் மஞ்சளாகத் தெரியும். ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே தெரியும். மூளை கணக்குப் போட்டுச் சரிக்கட்டிக்கொள்கிறது. எடிட்டிங் ஆப்பில் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரைத் தள்ளும்போதும் இதேதான். நிறத்தை 20 ஏற்றினால் முதலில் திடுக்கென்று இருக்கும், ஒரு நிமிடத்தில் பழகிவிடும், அப்புறம் இன்னொரு 20 ஏற்றத் தோன்றும். இந்த வழிகாட்டியில் வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்தப் பழக்கத்திலிருந்துதான் பிறக்கின்றன. மிகை எடிட்டிங் செய்பவர்களுக்கு ரசனை இல்லை என்று நான் நினைப்பதில்லை. அவர்கள் எழுந்து போய் ஒரு டீ குடிக்காததுதான் பிரச்சினை.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து ஜன்னல் வழியாக வெளியே பாருங்கள். திரும்பி வந்து, எடிட் செய்வதற்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்லைடரை உங்களுக்குப் பிடித்த இடம் வரை தள்ளிவிட்டு, அதில் பாதிக்குத் திரும்பக் கொண்டுவருவது இன்னொரு நல்ல பழக்கம். இது சூத்திரம் இல்லை, ஆனால் ஆரம்ப வருடத்தில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

எல்லாப் படத்தையும் காப்பாற்ற முடியாது

ஃபோகஸ் தப்பிய முகத்தை ஷார்ப் ஸ்லைடர் மீட்காது. கை அசைந்து இழுபட்ட படத்தையும் மீட்காது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மீட்டது போலக் காட்டும், ஆனால் அது வரைந்து தருவது அந்த முகத்தைப் போன்ற இன்னொரு முகம். முற்றிலும் வெளுத்துப்போன பகுதியும் அப்படித்தான். ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்று நிறமும் 255-ல் முட்டிய இடத்தில் வெள்ளை மட்டும்தான் இருக்கும். அதை இறக்கினால் வேட்டியின் மடிப்பு திரும்பி வராது, சாம்பல் நிறத் திட்டுதான் கிடைக்கும்.

கேமரா பதிவுசெய்ததை நசுக்காமல் வைத்திருக்கும் ரா ஃபைலில் எடுத்தால் கொஞ்சம் தாராளம். 12 பிட் என்றால் 4,096 படிகள், 14 பிட் என்றால் 16,384. இருட்டிலிருந்தும் வெளிச்சத்திலிருந்தும் மீட்பதற்கு இடம் இருக்கும். நான் அன்று ஜேபெக்கில் மட்டும் எடுத்திருந்தேன். கார்டில் இடம் மிச்சம் பிடித்ததற்கு இன்றுவரை வருத்தப்படுகிறேன்.

நிமிர்த்துவதும் வெட்டுவதும்

சாய்ந்த படத்தை நிமிர்த்துவது எளிது. கோயில் என்றால் தூண் இருக்கிறது, அதை வைத்து நேராக்கிவிடலாம். இங்கே தவறு இரண்டு வகை. கீழிருந்து எடுத்த படத்தில் தூண்கள் மேலே குவிந்து தெரியும். அதைச் சரிசெய்யும் கருவியை முழுக்கத் தள்ளினால் தூண் நேராகிவிடும், ஆட்களின் தலை பெருத்துவிடும். கொஞ்சம் குவிவு இருக்கட்டும், கண் அதை ஏற்றுக்கொள்ளும். இரண்டாவது, ஆளை மூட்டில் வெட்டுவது. மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் இந்த இடங்களில் படத்தின் ஓரம் வந்தால் உறுப்பு துண்டானது போலத் தெரியும். தொடையிலோ, இடுப்புக்குச் சற்று மேலேயோ வெட்டுங்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: இது எங்கே போகப் போகிறது? பெரும்பாலான போன்கள் எடுப்பது 4:3 விகிதம். லேபில் போடும் 4×6 அங்குல பிரிண்ட் 3:2 விகிதம். 4000×3000 பிக்சல் படத்தை அப்படியே கொடுத்தால் உயரத்தில் 333 பிக்சல், அதாவது ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும். எங்கே வெட்டுவது என்பதை நீங்கள் முடிவு செய்யாவிட்டால் மெஷின் முடிவு செய்யும். பின்வரிசையில் நின்ற உயரமான ஒன்றுவிட்ட அண்ணன் நெற்றியோடு போய்விடுவார்.

அதிகமாக வெட்டினால் பெரிய பிரிண்டுக்குப் பிக்சல் போதாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். 12 மெகாபிக்சல் படத்தில் நீளத்திலும் அகலத்திலும் பாதியை வெட்டினால் மிஞ்சுவது 3 மெகாபிக்சல்தான்.

வெள்ளையைக் கண்டுபிடிக்கும் வேலை

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதற்கு முன் ஒயிட் பேலன்ஸை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி வைக்கும் நிறச் சமநிலையை, சரிசெய்யுங்கள். பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள், அல்லது செய்வதே இல்லை. அடிப்படை நிறம் தப்பாக இருக்கும்போது செய்த மற்ற எல்லாத் திருத்தங்களும் அந்தத் தப்பின் மேல் கட்டியவையாகிவிடும்.

ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் விளக்கொளி சுமார் 2,000. குண்டு பல்பு 2,700-ஐ ஒட்டி. நடுப்பகல் வெயில் சுமார் 5,500. வெயில் படாத நிழல் 7,000-க்கும் மேல் போகும். எண் ஏற ஏற ஒளி நீலமாகிறது. என் படத்தில் குத்துவிளக்கு, மண்டபத்து மஞ்சள் பல்பு, பிராகாரத்துப் பக்கமிருந்து வந்த பகல் வெளிச்சம் மூன்றும் கலந்திருந்தன. மாமாவின் ஒரு கன்னம் மஞ்சள், மறு கன்னம் நீலம். இப்படிப்பட்ட படத்தில் ஒரே எண்ணில் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது. முக்கியமான முகத்துக்குச் சரியாக வைத்துவிட்டு, மீதியை மாஸ்க் போட்டு, அதாவது அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, தனியாகக் கவனிக்க வேண்டும்.

தொட்ட இடத்தை நிறமற்றதாக வைத்து மொத்தப் படத்தின் நிறத்தையும் திருத்தும் ஐ-டிராப்பர் கருவியால் 'வெள்ளையான இடத்தைத் தொடு' என்று எல்லா வீடியோவிலும் சொல்வார்கள். நானும் தொட்டேன். நம்மூர்ப் படங்களில் இதில் ஒரு பொறி இருக்கிறது. மாமா கட்டியிருந்தது பட்டு வேட்டி, அது சந்தன வெள்ளை. அதைத் தொட்டால் படம் நீலமாகிறது. பக்கத்தில் நின்ற சித்தப்பா கட்டியிருந்தது சொட்டு நீலம் போட்டு அலசிய பருத்தி வேட்டி. அதைத் தொட்டால் படம் மஞ்சளாகிறது. இரண்டு வேட்டி, இரண்டு உலகம். கடைசியில் எண்ணெய் படியாத கருங்கல் தூணின் மேல் பகுதியைத் தொட்டதும் ஏறக்குறைய சரியாக வந்தது. நிறமற்ற சாம்பல்தான் உங்களுக்கு வேண்டியது. சிமெண்ட் தரை, கல், எவர்சில்வர் பாத்திரத்தின் நிழல் பகுதி, இப்படி ஏதாவது இருக்கும், தேடுங்கள்.

சரி, கிடைத்துவிட்டது. அதற்காக விளக்கொளியின் மஞ்சளை முழுக்கத் துடைத்துவிடாதீர்கள். குத்துவிளக்குப் பக்கத்தில் இருக்கும் முகம் கொஞ்சம் பொன்னிறமாக இருப்பதுதான் இயல்பு. மருத்துவமனை டியூப்லைட் வெள்ளையில் தாலி கட்டும் காட்சியைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது.

வெளிச்சம்: ஹிஸ்டோகிராம் என்ற மலை

எடிட்டிங் ஆப்களில் பார்க்கும் அந்தச் சின்ன மலைபோன்ற வரைபடம் ஹிஸ்டோகிராம். இடது பக்கம் இருட்டு, வலது பக்கம் வெளிச்சம், எந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்பதுதான் உயரம். மலை வலது சுவரில் மோதி நின்றால் வெள்ளை வெளுத்துவிட்டது, இடது சுவரில் மோதினால் கறுப்பு அடைத்துவிட்டது. திரை பொய் சொன்னாலும் இது சொல்லாது. ஆனால் மலை நடுவில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. இருண்ட மண்டபத்தில் எடுத்த படத்தின் மலை இடப்பக்கம்தான் இருக்கும், இருக்கவும் வேண்டும்.

புதியவர்களின் கை தானாகப் போகும் இடம் ஷேடோஸ் ஸ்லைடர். ஏற்றினால் இருட்டில் மறைந்திருந்த எல்லாம் எட்டிப்பார்க்கும், ஆசையாக இருக்கும். நானும் 100 வரை தள்ளி, வெளிச்சப் பகுதிகளை அடக்கும் ஹைலைட்ஸை மைனஸ் 100-க்கு இறக்கினேன். விளைவு, மண்டபத்து மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயிலிருந்து மேற்கூரையின் ஒட்டடை வரை எல்லாம் ஒரே வெளிச்சத்தில் தெரிந்தன. அத்தையின் முகத்துக்குக் கண் போகவே இல்லை. போதாததற்கு, இருட்டை வலிந்து ஏற்றிய இடங்களில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள். நிழல் ஒரு குறை இல்லை, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லும் கை அது. முகத்துக்கு மட்டும் வெளிச்சம் வேண்டுமென்றால் முகத்தில் ஒரு மாஸ்க் போட்டுக் கொஞ்சம் ஏற்றுங்கள், ஓரங்களை நன்றாகக் கரையவிடுங்கள்.

கான்ட்ராஸ்ட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தேவையான அளவுக்குக் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் இருந்தால் போதும். கிளாரிட்டி, ஸ்ட்ரக்சர், டீஹேஸ் மூன்றும்தான் ஆபத்தானவை. கிளாரிட்டியும் ஸ்ட்ரக்சரும் நுணுக்கங்களை அழுத்திக் காட்டுபவை. கிளாரிட்டியை முகத்தில் ஏற்றினால் ஒவ்வொரு சுருக்கமும் பள்ளமாகும். டீஹேஸ் மூடுபனியையும் மங்கலையும் விலக்கும் கருவி. ஹோமப் புகையை நான் அதை வைத்து விலக்கினேன். புகை போனதோடு அந்த இடத்தின் மென்மையும் போய், மண்டபச் சுவர் கரி பூசியது போல நின்றது. புகை அந்த இடத்துக்குச் சொந்தமானது. இருந்துவிட்டுப் போகட்டும்.

நிறம்: பட்டுப்புடவை படுத்தும் பாடு

சாச்சுரேஷனும் வைப்ரன்ஸும் ஒன்று போலத் தெரியும். சாச்சுரேஷன் எல்லா நிறத்தையும் ஒரேயடியாக ஏற்றும். வைப்ரன்ஸ் மங்கிய நிறங்களை அதிகமாகவும், ஏற்கெனவே பளிச்சென்று இருப்பவற்றைக் குறைவாகவும் ஏற்றும், தோல் நிறத்தில் கொஞ்சம் நிதானம் காட்டும். ஆட்கள் இருக்கும் படத்தில் வைப்ரன்ஸ்தான் பாதுகாப்பு. அதுவும் 10, 15 போதும்.

அத்தை கட்டியிருந்தது அரக்குச் சிவப்புப் பட்டு. சாச்சுரேஷனை ஏற்றியபோது சிவப்பு நிறத்தின் அளவு மட்டும் 255-ல் போய் முட்டியது. மொத்தப் படத்தின் ஹிஸ்டோகிராம் ஒழுங்காகத் தெரிந்தாலும், ஒரு நிறம் மட்டும் தனியாக இப்படி முட்டலாம். சிவப்பு, பச்சை, நீல வரைபடங்களைத் தனித்தனியாகப் பார்த்தால்தான் பிடிபடும். முட்டியதன் பலன்: புடவையின் மடிப்பும் நெசவும் மறைந்து, யாரோ சிவப்புப் பெயிண்டைக் கொட்டியது போல ஒரு திட்டு. ஜரிகை பித்தளையானது. பட்டு, குங்குமம், செம்பருத்தி, திருவிழாத் தோரணம் இவை எல்லாவற்றுக்கும் இதுதான் கதி. சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்து அதன் சாச்சுரேஷனை இறக்கினால் நெசவு திரும்பி வரும். பச்சைக்கும் இதேபோல ஒரு நோய் உண்டு. வயலும் வாழை இலையும் ரேடியம் ஸ்டிக்கர் போல ஒளிர்ந்தால் பச்சையைக் குறையுங்கள்.

ஃபில்டர், பிரீசெட் பற்றி இரண்டு வரி. வேறு ஒரு நாட்டின் வெயிலில், வேறு நிறத் தோலுக்கு யாரோ தயார் செய்த பிரீசெட்டைக் காசு கொடுத்து வாங்கி நம் படத்தில் ஒட்டினால் ஒட்டாது. ஆரம்பப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

முகம்

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு நடக்கும் இடம். நம்மூரில் அது பெரும்பாலும் தவறு என்றே தெரியாமல் நடக்கிறது.

அத்தை மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. அபிஷேகத்துக்கு முன் பூசிய மஞ்சள் கன்னத்தில் இன்னும் மிச்சமிருந்தது. நான் என்ன செய்தேன்? தோலின் நிறம் பெரும்பாலும் ஆரஞ்சில் விழும் என்று எங்கோ படித்திருந்தேன். ஆரஞ்சின் வெளிச்சத்தை ஏற்றி, நிறத்தைக் குறைத்தேன். அத்தை வெளுத்தார், கூடவே உதடும் கன்னமும் சாம்பல் பூத்தன. மஞ்சள் தூக்கலாகத் தெரிகிறதே என்று மஞ்சளையும் குறைத்தேன். முகத்து மஞ்சளோடு சேர்ந்து தாலிக் கயிறும் வெளிறிப்போனது. தாலி கட்டும் படத்தில் மஞ்சள் கயிறு வெள்ளைக் கயிறாக இருந்ததை அன்றிரவு நான் கவனிக்கவே இல்லை. காலையில் அத்தையின் கண்ணில்தான் முதலில் பட்டது.

கறுப்பை வெளுப்பாக்குவது அழகுபடுத்துவது என்ற பழக்கம் ஸ்டுடியோ நாட்களிலிருந்தே நம்மோடு வருகிறது. நிறத்தை மாற்றுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நேர் எதிரான ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் டைம் வார இதழ் 1994 ஜூனில், கொலை வழக்கில் கைதான முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ. ஜே. சிம்ப்சனின் போலீஸ் படத்தை அட்டையில் போட்டபோது அவருடைய முகத்தை மேலும் இருட்டாக்கி அச்சிட்டது. அதே படத்தை இன்னொரு வார இதழான நியூஸ்வீக் மாற்றாமல் போட்டிருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. கறுப்பாக்கினாலே குற்றவாளி போலத் தெரியும் என்று நினைக்கிறார்களா என்று பெரிய கண்டனம் எழுந்தது. ஒரு ஸ்லைடர் நகர்வு இவ்வளவு பேசும்.

கறுத்த தோலை நன்றாகக் காட்டும் வழி வேறு. தோலின் மேல் விழும் ஒளித்திட்டுகளை, நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு, கெடாமல் வைத்துக்கொள்ளுங்கள். கறுத்த தோலின் அழகு அந்தப் பளபளப்பில்தான் இருக்கிறது. சிவப்பும் ஆரஞ்சும் வற்றிவிடாமல் பாருங்கள். முகம் உண்மையிலேயே இருட்டாக இருந்தால் மொத்த வெளிச்சத்தைக் கூட்டும் எக்ஸ்போஷரை ஏற்றுங்கள், நிறத்தைத் தொடாதீர்கள்.

அடுத்தது வழவழப்பாக்கும் கருவி. கறுப்பு வெள்ளைக் காலத்தில் ஸ்டுடியோக்காரர்கள் கூராகச் சீவிய பென்சிலால் நெகட்டிவின் மேலேயே டச்சிங் செய்வார்கள். கண்ணுக்குக் கீழே இரண்டு கோடு, கன்னத்தில் நாலு புள்ளி, அதற்குமேல் போனால் நெகட்டிவ் கெட்டுவிடும் என்ற பயம் இருந்தது. ஸ்லைடருக்கு அந்தப் பயம் கிடையாது. 100-க்குத் தள்ளினால் தோல்துளைகள் எல்லாம் அடைபட்டு முகம் பிளாஸ்டிக் பொம்மையாகும். கழுத்து மட்டும் அறுபது வயதில் நிற்கும்.

டச்சப் செய்பவர்கள் வைத்துக்கொள்ளும் ஒரு கணக்கு உண்டு: இரண்டு வாரத்தில் தானாக மறையக்கூடியதை எடுக்கலாம், மறையாததை எடுக்கக் கூடாது. பரு, கொசுக்கடி, ஒட்டிய குங்குமத் துகள் போகலாம். மச்சம், தழும்பு, சிரிப்புச் சுருக்கம் இருக்க வேண்டும். நான் அத்தையின் மூக்கோரத்து மச்சத்தையும் எடுத்திருந்தேன். அப்புறம் எப்படி அடையாளம் தெரியும்? பல்லையும் கண்ணின் வெள்ளையையும் வெளுப்பதும் இப்படித்தான், பத்தில் ஒரு பங்கு செய்தால் போதும், ஐந்தில் ஒரு பங்கு செய்தால் பேய்ப்படம்.

வேண்டாததை அழிப்பது

மணைக்குப் பின்னால் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி. தூணில் ஒரு மின்சார ஒயர். இரண்டையும், ஓரிடத்தை நகலெடுத்து இன்னோரிடத்தில் ஒட்டும் குளோன் கருவியால் அழித்தேன். வாளி போனது, தரையில் அதன் நிழல் மட்டும் அப்படியே இருந்தது. ஒயர் இருந்த இடத்தில் தூணின் ஒரே கறை மூன்று முறை வரிசையாக வந்தது. ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும். வெவ்வேறு இடங்களிலிருந்து எடுங்கள், பொருளோடு அதன் நிழலையும் பிரதிபலிப்பையும் எடுங்கள், கோடுகள் கோடுகளோடு சேர்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள்.

இதில் சறுக்கியவர்களில் இளவரசிகளும் உண்டு. 2024 மார்ச் 10 அன்று இங்கிலாந்து அரண்மனை வெளியிட்ட, இளவரசர் வில்லியமின் மனைவி கேத்தரின் தன் மூன்று குழந்தைகளோடு இருக்கும் படத்தில், மகள் சார்லட்டின் சட்டைக் கை ஓரிடத்தில் துண்டாகத் தெரிந்தது. ராய்ட்டர்ஸ், ஏ.பி. உள்ளிட்ட செய்தி நிறுவனங்கள் படத்தைத் திரும்பப் பெற்றன. அமெச்சூர் புகைப்படக்காரர்கள் பலரைப் போலத் தானும் அவ்வப்போது எடிட்டிங் செய்து பார்ப்பதுண்டு என்று மறுநாள் கேத்தரின் வருத்தம் தெரிவித்தார். சட்டைக் கை, கூந்தல் நுனி, விரல்கள், சங்கிலி, இந்த நாலு இடங்களைப் பெரிதாக்கிப் பார்க்காமல் படத்தை வெளியே விடாதீர்கள்.

இப்போது போனிலேயே விரலால் வட்டம் போட்டால் அழித்துத் தரும் கருவிகள் வந்துவிட்டன. வெற்று வானம், மணல், சுவர் என்றால் அருமையாகச் செய்கின்றன. கல்வெட்டு இருக்கும் சுவரில் செய்து பாருங்கள். எந்த மொழியிலும் சேராத எழுத்துகளைச் செதுக்கி வைத்துவிடும். சிற்பத் தூணுக்கு ஆறாவது விரல் முளைக்கும். குடும்ப ஆல்பத்தில் அது வெறும் வேடிக்கை. ஆவணமாகவோ செய்தியாகவோ போகும் படத்தில் பொருளைச் சேர்ப்பதும் நீக்குவதும் பொய்.

பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடுக்கும் ஒரு வார்த்தை. காதுக்கும் ஜிமிக்கிக்கும் நடுவிலுள்ள இடைவெளி, தொங்கும் மல்லிகைச் சரத்தின் ஓரம், ஈரக் கூந்தலின் பிரிந்த இழைகள், இவை மூன்றிலும் அது மாட்டிக்கொள்ளும். உண்மையான லென்ஸில் தரை கொஞ்சம் கொஞ்சமாக மங்கும். போலியில் காலடியிலிருந்தே திடீரென்று மங்கும்.

புள்ளி நீக்குவதும் கூர்மையாக்குவதும்

நாய்ஸை, அதாவது படத்தில் தெரியும் புள்ளிகளை, முழுக்கத் துடைத்தால் தோலும் துணியும் மெழுகாகும். நிறப்புள்ளிகளைத் தாராளமாக நீக்குங்கள், வெளிச்சப் புள்ளிகளைக் கொஞ்சம் விட்டுவையுங்கள். பிரிண்டில் அவை பெரும்பாலும் தெரியாது.

ஷார்ப் செய்வது கடைசி வேலை. படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டும். முழுப்படத்தைச் சின்னதாகப் பார்த்துக்கொண்டு ஏற்றினால் எவ்வளவு ஏற்றினாலும் போதாதது போலவே இருக்கும். தலைமுடிக்கும் சுவருக்கும் நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். லைட்ரூம் கம்ப்யூட்டர் பதிப்பில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்கிங் ஸ்லைடரை நகர்த்தினால் எங்கெல்லாம் ஷார்ப் ஆகிறது என்று வெள்ளையில் காட்டும். கண், நகை, ஜரிகை மட்டும் வெள்ளையாகவும் கன்னம் கறுப்பாகவும் வரும்வரை நகர்த்துங்கள்.

வெளியே எடுப்பதும் பிரிண்ட் போடுவதும்

நிற வெளி என்று ஒரு தேர்வு வரும், படத்தில் எந்தெந்த நிறங்கள் இடம்பெறலாம் என்ற எல்லைதான் அது. எஸ்ஆர்ஜிபி என்பதைத் தேர்ந்தெடுங்கள். 1996-ல் வந்த பழைய தரம்தான், ஆனால் பெரும்பாலான திரைகளும் லேப்களும் எதிர்பார்ப்பது அதைத்தான். அடோபி ஆர்ஜிபி பெரியது, ஆகவே நல்லது என்று நினைத்து அதில் எடுத்தால், அதைப் புரிந்துகொள்ளாத ஆப்களில் நிறம் செத்துத் தெரியும். ஜேபெக் தரம் 85, 90 போதும்.

பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது பொதுவான கணக்கு. 4×6 பிரிண்டுக்கு 1200×1800. 12×18 பிரிண்டுக்கு 3600×5400, அதாவது ஏறக்குறைய 19 மெகாபிக்சல். சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 200 போதும், அப்போது 9 மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாலே சமாளித்துவிடலாம். பிக்சல் போதாத படத்தை இழுத்துப் பெரிதாக்கி லேபில் கொடுப்பதைவிடச் சின்ன பிரிண்ட் போடுவது மேல்.

பெரிய பிரிண்டுக்கு நேராகப் போகாதீர்கள். முதலில் ஒரு 4×6 போட்டுப் பார்த்துவிடுங்கள். நிறைய லேப்களில் மெஷின் தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தும். நீங்கள் ஏற்கெனவே எடிட் செய்திருந்தால் 'கரெக்‌ஷன் வேண்டாம்' என்று சொல்லிக் கொடுங்கள். வந்த பிரிண்டைக் கடை டியூப்லைட்டில் பார்க்காமல் வீட்டு ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இருண்டிருந்தால் எக்ஸ்போஷரைக் கொஞ்சம் ஏற்றி இன்னொன்று போடுங்கள். சில ரூபாயில் முடிகிற சோதனை.

அந்தத் திருக்கடையூர்ப் படத்தைக் கார்டிலிருந்து மறுபடி எடுத்து, இதே வரிசையில், இந்தத் தடவை இருபது நிமிடத்தில் முடித்தேன். மச்சம், மஞ்சள், ஹோமப் புகை எல்லாம் அப்படியே இருந்தன. இரண்டு முறை சோதனை பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டு 12×18 போட்டு, சட்டமும் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அத்தை கூடத்து வெளிச்சத்தில் அதைச் சாய்த்து வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். மாமாவையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"நல்லா இருக்குடா. அந்த நீல வாளியை மட்டும் எடுத்திருக்கலாம்ல?"